வரைதாளின் 'பிடிமானம்': ஒரு சொற்பரிந்துரை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வரையக் கற்பவர்கள் வாங்கவேண்டிய பொருள்களைப் பற்றிய பட்டியலில், பென்சில் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தாளின் தன்மையை, 'tooth' என்ற ஆங்கில வழக்கை அப்படியே பெயர்த்துத் 'தாளின் பல்' என்று எழுதியிருந்ததையும், அதற்கு மாற்றாகச் 'சொரசொரப்பு' என்ற சொல் முன்வைக்கப்பட்டதையும் படித்தேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

பென்சிலில் உள்ள கிராஃபைட், ஏடு ஏடாக அடுக்கப்பட்ட கரிமம். அதைத் தாளின்மீது இழுக்கும்போது, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நார்கள் அந்த ஏடுகளை உரசியெடுத்துத் தம் இடுக்குகளில் தங்கவைத்துக்கொள்கின்றன. இடுக்குகள் நிரம்பிய பிறகு எவ்வளவு அழுத்தித் தீட்டினாலும் கருமை ஏறாது, மினுமினுப்புதான் கூடும். வழவழப்பான நகல்தாளில் இந்நிலை விரைவிலேயே வந்துவிடுகிறது. கரித்துண்டு அதில் ஒட்டாமல் தூளாக உதிர்கிறது. சமூக மன்ற வகுப்புகளுக்கு நகல்தாளோடு வரும் புதியவர்கள் பலர், குறை தங்கள் கையில் இருப்பதாக எண்ணிச் சோர்ந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒன்றைவிட ஒன்று மென்மையும் கருமையும் கூடிய எச்பி, 2பி, 4பி ஆகிய மூன்று பென்சில்கள் தொடக்கத்துக்குப் போதும். மிச்சப் பணத்தை நல்ல தாளுக்குச் செலவிடுவதே முறை.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், தொட்டு உணரும் கரடுமுரடைக் காட்டிலும், கரியை வாங்கித் தக்கவைக்கும் ஆற்றலைக் குறிக்கவேண்டும். தாளின் எடையோடும் இதைக் குழப்பக்கூடாது: சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாளாயினும், சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கப்பட்டிருந்தால் அதில் இவ்வாற்றல் குறைவு.

'பற்று' என்ற சொல்லை முதலில் எண்ணிப் பார்த்தேன். தனியே நின்றால் அது கணக்கேட்டை நினைவூட்டுகிறது. 'தாட்பற்று' என்று புணர்த்தினாலோ, தாள் என்பது திருவடியையும் குறிப்பதால், பக்திச் சொல்லாக ஒலிக்கிறது. எனவே 'பிடிமானம்' என்பதையே பரிந்துரைக்கிறேன். 'பிடிமானம் மிகுந்த தாள்', 'இந்த இடத்தில் பிடிமானம் போய்விட்டது' என்றெல்லாம் இயல்பாகப் பேசலாம். சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் தாளைத் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது, பாட்டி பேரனுக்கு விளக்கவும் இச்சொல் உதவும். 'சொரசொரப்பு' வெறும் மேற்பரப்பைக் குறிக்கும் சொல்லாகவே இருக்கட்டும்.

இதையொட்டி இன்னொன்று: களிமண்போல் உருட்டி, தாளில் ஒற்றிக் கரியை எடுக்கும் மென்மையான அழிப்பானுக்குப் 'பிசையழிப்பான்' என்ற பெயர் பொருந்தும். சாதாரண அழிப்பானால் அழுத்தித் தேய்த்தால் நார்கள் சிதைந்து பிடிமானம் கெடுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தாள் ஊறி இளகியிருக்கும்போது இச்சேதம் இன்னும் எளிதில் நேர்கிறது.

நீர்வண்ணம் தீட்டுவோர் 'பிடிமானம்' என்பதைத் தாள் நீரை உறிஞ்சும் தன்மையாகப் புரிந்துகொள்வார்களா என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. அத்துறையில் பழகியவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.