தாண்டிக்குடி தோட்டம் குழு: ஜிம்னிக்கு எந்த டயர், எவ்வளவு லிஃப்ட்?

கார்த்தி: செல்வம் மாமா, உங்க கடையில கூட்டம் இல்லாதப்ப இதைப் பாருங்க. நம்ம மாருதி ஜிம்னிக்கு மூணு இன்ச் லிஃப்ட் (பாடியை அவ்வளவு உசத்துறது), 235/75 ஆர்15 டயர், எட்டு இன்ச் அகல வீல், ஆஃப்செட் மைனஸ் 20 (மைனஸ் ஆக ஆக வீல் வெளிய தள்ளி நிக்கும், மிமீ கணக்கு). ஒரு கடையில இப்படிச் சொல்றாங்க. எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்கு மேல வரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி வேலையை முடிச்சிரணும்.

பிரபு அண்ணன்: போட்டுரு தம்பி. இங்க கோயம்புத்தூர்ல எங்க செட்டுல பாதிப் பேரு இதான் போட்டிருக்கான். வண்டி நின்னாலே கம்பீரமா இருக்கும்.

அம்மா: ஏற்கெனவே அப்பத்தா அதுல ஏற முடியாம ரெண்டு பேரு தூக்கி விடுறோம். இன்னும் உசத்துனா ஏணி போடணுமா?

கார்த்தி: அம்மா, மழையில ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு மிளகு மூட்டையோட நின்னது மறந்துபோச்சா?

செல்வம் மாமா: மாப்ளே, ஒரு வேலை பண்ணு. வண்டியைக் கழுவிராத. அப்படியே கீழ படுத்து முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டையும் போட்டோ எடுத்துப் போடு. பம்பருக்கு அடியிலயும் ஒண்ணு.

கார்த்தி: (படம்)
(படம்)
(படம்)

செல்வம் மாமா: பாத்தியா? பம்பர்ல ஒரு கோடு இல்ல. சைடு படிக்கட்டு ஓரத்துலயும் இடிச்ச தடம் இல்ல. ஆக்சில் நடுவுல உருண்டையாத் தொங்குதே கிரவுன், அதோட அடிவயிறுதான் சேறு வழிச்சு பளபளன்னு இருக்கு. உன் வண்டி நின்னது கிரவுன் நடுமேட்டுல உக்காந்ததால. பாடி தட்டி நிக்கல.

செல்வம் மாமா: இதை நல்லா மனசுல வாங்கிக்க. ஜிம்னிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டுமே கட்டை ஆக்சில், ரெண்டு சக்கரமும் ஒரே கட்டையில நிக்கும். மூணு இன்ச் என்ன, ஆறு இன்ச் லிஃப்ட் போட்டாலும் ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற பாடிதான் ஏறும். கிரவுன் இருந்த இடத்துலயேதான் இருக்கும். அதை ஏத்துறது டயர் மட்டும்தான். அதுவும் டயர் விட்டம் கூடுறதுல பாதி.

கார்த்தி: அப்ப லிஃப்ட் எதுக்கு மாமா எல்லாரும் போடுறாங்க?

செல்வம் மாமா: பெரிய டயருக்கு இடம் வேணும், அதுக்கு. அப்புறம் பாறையில பாடி தட்டாம ஏறி இறங்க. அதனால முதல்ல டயர் எதுன்னு முடிவு பண்ணு. அந்த டயருக்கு ஏத்த ரிம் எதுன்னு பாரு. லிஃப்ட் கடைசி. நீ கொண்டு வந்த கணக்குல லிஃப்ட்தான் முதல்ல நிக்குது.

செல்வம் மாமா: உன் கம்பெனி டயர் 195/80 ஆர்15. விட்டம் 693 மிமீ. 215/75 ஆர்15 போட்டா 703 சொச்சம், கிரவுன் 5 மிமீ ஏறும். 235/75 ஆர்15 போட்டா 733 சொச்சம், 20 மிமீ ஏறும். ரெண்டு லட்சம் குடுத்து கிரவுனுக்குக் கிடைக்கிறது ஒரு விரல் அகலம்.

பிரபு அண்ணன்: மாமா, அந்த ஒரு விரல்தான் சில இடத்துல வண்டியை வெளிய எடுக்கும். நாங்க நேர்ல பாத்திருக்கோம்.

செல்வம் மாமா: இல்லங்கல மருமகனே. பாறை ஏறுற உங்களுக்கு அது பெருசு. இவனுக்கு அது தோட்டத்துப் பாதை. ஓடை தாண்டி அந்த முப்பது நாப்பது அடியிலதான் ரெண்டு பக்கமும் டிராக்டர் தடம் பள்ளம் விழுந்து நடு மேடாகிக் கெடக்கு. மண்வெட்டி எடுத்து அந்த மேட்டை நாலு விரக்கடை செதுக்கிப் பள்ளத்துல தள்ளி, மேல கல்லு போட்டு அமுக்குனா போதும். எந்த டயரும் குடுக்காத உசரம் அங்க கிடைக்கும்.

அம்மா: நாளைக்கே ஆள் விடுறேன் தம்பி. உங்க மச்சான் அதைத்தான் போன வருஷமே சொன்னாரு.

கார்த்தி: சரி, மேடு போயிரும். ஆனா வழுக்குதே மாமா. ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவான கியர்) போட்டும் சக்கரம் சுத்துச்சு.

செல்வம் மாமா: கம்பெனி டயர் தார் ரோட்டுக்கானது. பட்டன் இடுக்குல சேறு அடைச்சிருச்சுன்னா மொட்டை டயர்தான். ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகுற நல்ல ஏ/டி பட்டன்ல 215/75 ஆர்15 வாங்கு. இப்ப இருக்கிற அஞ்சரை இன்ச் ரிம்லயே சரியா உக்காரும், லிஃப்ட் தேவையில்ல. டயர் பக்கவாட்டுல போட்டிருக்கிற லோடு நம்பர் 96க்குக் குறையக் கூடாது. சேத்துல இறங்கும்போது 18 பிஎஸ்ஐ காத்துக்கு இறக்கிக்க, ரோடு வந்ததும் திரும்ப ஏத்து. கையடக்க கம்ப்ரசர் ஒண்ணு வண்டியிலயே கெடக்கட்டும். உன் பாதைக்கு இது போதும்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

பிரபு அண்ணன்: மாமா, வாதத்துக்குக் கேக்கல, எனக்கே வேணும். 235 போட்டே ஆகணும்னா எப்படிப் போடணும்?

செல்வம் மாமா: அப்ப முழுசாப் போடணும். 235/75க்கு ஆறு இன்ச்லேருந்து எட்டு இன்ச் வரைக்கும் ரிம் ஆகும். அதனால கம்பெனி அஞ்சரை இன்ச் ரிம்ல அதை ஏத்தக் கூடாது. நிறையப் பேரு ஏத்துறான். டயர் நடு உப்பி ஓரம் தேயாம நடு மட்டும் தேயும், வளைவுல டயர் மடங்கும்.

செல்வம் மாமா: ஆறரை இல்லன்னா ஏழு இன்ச், ஆஃப்செட் 0 பக்கமா எடு. அஞ்சு ஓட்டை, பிசிடி (நட்டு ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம்) 139.7 மிமீ, நடு ஓட்டை 108 மிமீ. நடு ஓட்டை சின்னதா இருந்தா ஹப்புல ஏறவே ஏறாது. கம்பெனி வீல் ஆஃப்செட் பிளஸ் 5. ஏழு இன்ச், 0 ஆஃப்செட்னா வெளிப்பக்கம் 24 மிமீ, உள்பக்கம் 14 மிமீ கூடும். உள்பக்கம் கூடுறதால ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கிறப்ப முன்னாடி இருக்கிற ஆர்ம்ல டயர் உரசுதான்னு ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாக்கணும். உரசுனா ஸ்டியரிங் ஸ்டாப்பரை வச்சுக் கொஞ்சம் குறைக்கணும்.

கார்த்தி: எனக்குச் சொன்ன எட்டு இன்ச், மைனஸ் 20?

செல்வம் மாமா: ஒவ்வொரு பக்கமும் 57 மிமீ வெளிய வரும். மட்கார்டைத் தாண்டி நிக்கும். சேறு பூரா கதவு மேல, பின்னால வர்ற பைக்காரன் மூஞ்சியில. வீல் பேரிங்குக்கும் ஸ்டியரிங் ஜாயிண்டுக்கும் லோடு வேற. பள்ளத்துல ஒரு சக்கரம் விழுந்தா ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். படத்துக்கு அழகா இருக்கும், மலை ரோட்டுக்கு வேணாம்.

செல்வம் மாமா: லிஃப்ட் ஒன்றரை, அதிகபட்சம் ரெண்டு இன்ச். ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர் மட்டும் சொருகி அனுப்புறவன்கிட்ட போகாத. ஷாக் பழைய நீளம்தானே, சக்கரம் கீழ தொங்க வேண்டிய இடத்துல ஷாக் முழுசா இழுபட்டு டங்குன்னு அடிக்கும். ஸ்பிரிங், நீள ஷாக், நீள பிரேக் ஹோஸ், பம்ப் ஸ்டாப் ரப்பர் நாலும் சேர்ந்து வரணும். கூடவே ஆக்சிலைப் பக்கவாட்டுல நகராமப் பிடிச்சிருக்கிற லாட்டரல் ராடு, அட்ஜஸ்ட் பண்றது. இல்லன்னா பாடி ஏறுற அளவுக்கு ஆக்சில் ஒரு பக்கமா இழுத்துக்கும். பின்னாடி நின்னு பாத்தாலே ஒரு டயர் வெளிய, ஒண்ணு உள்ள தெரியும்.

செல்வம் மாமா: இதுல எல்லாரும் விடுறது காஸ்டர், அதான் முன் சக்கரம் திரும்புற அச்சு பின்னால சாஞ்சிருக்கிற கோணம். வண்டியை உசத்துனா முன் ஆக்சில் லேசாத் திரும்பி காஸ்டர் கோணம் குறையும். வளைஞ்சிட்டு விட்டா ஸ்டியரிங் தானா நேராகாது. 80ல போறப்ப வண்டி மேயும். சில வண்டியில பள்ளத்துல விழுந்ததும் ஸ்டியரிங் வெடவெடன்னு ஆடும். என் கடைக்கு அலைன்மென்ட்னு வர்ற லிஃப்ட் வண்டியில பெரும்பாலும் இதான் கதை. டோ (முன் சக்கரங்க உள்ள, வெளிய பாக்குற கோணம்) மட்டும் திருப்பி ஒண்ணும் ஆகாது, காஸ்டர் புஷ் மாத்தணும். லிஃப்ட் கிட் வாங்குறப்பவே அதைக் கேட்டு வாங்கு.

பிரபு அண்ணன்: எங்க ஆளு ஒருத்தன் வண்டி இப்படித்தான் ஆடுது. டயர் பேலன்சிங்னு சொல்லி மறுபடி மறுபடி காசு வாங்கிட்டாங்க.

செல்வம் மாமா: காஸ்டர் எவ்வளவுன்னு பிரிண்ட் எடுத்துக் கேக்கச் சொல்லு. இங்க கொண்டு வந்தாலும் பாக்குறேன்.

செல்வம் மாமா: இன்னொண்ணு, இழுவை. உன்னுது 1462 சிசி பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர். 235 போட்டா கியர் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீளமான மாதிரி. டயர், ரிம் எடையும் கூடும். வத்தலக்குண்டுலேருந்து மூட்டையோட ஏறுறப்ப செகண்ட்ல போற கொண்டை ஊசிய ஃபர்ஸ்ட்ல போவ. பிரேக்கும் ஒரு மூச்சு லேட்டாப் பிடிக்கும். ஸ்பீடோ 100 காட்டுறப்ப நெசத்துல 105க்கு மேல போயிட்டிருப்ப. 1645 மிமீ அகல வண்டி அது. மூணு இன்ச் தூக்கி மலை வளைவுல அம்மாவை, அப்பத்தாவை வச்சு ஓட்டுறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அம்மா: அதான் எனக்கும் வேணும்.

பிரபு அண்ணன்: போலீஸ் தொல்லை எப்படி மாமா?

செல்வம் மாமா: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்சியில இருக்கிற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லன்னா ரெண்டும்னு இருக்கு. அதைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ். மோதுச்சுன்னா கிளெய்ம்ல லிஃப்டைக் காட்டி மறுக்க வழி கெடைக்கும். போடுறவன் இதெல்லாம் தெரிஞ்சு போடணும்.

கார்த்தி: சரி மாமா. லிஃப்ட் வேணாம். 215/75 ஏ/டி, கம்பெனி ரிம். நாலு டயர் சொல்லவா?

செல்வம் மாமா: அஞ்சு சொல்லு. ஸ்டெப்னியும் அதே சைஸ் இருக்கணும். ஃபோர் வீல் போட்டு ஓட்டுறப்ப ஒரு சக்கரம் மட்டும் சின்னதா இருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். டயர் பக்கவாட்டுல தயாரிச்ச வாரமும் வருஷமும் நாலு எண்ணா இருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டுப் பணம் போடு. பழைய சரக்கு வேணாம்.

கார்த்தி: வெள்ளிக்கிழமை கொண்டு வரேன் மாமா. பழைய டயரை என்ன பண்றது?

செல்வம் மாமா: நல்லா இருக்கிற ரெண்டை ஜீப்காரங்க கேட்டா குடுத்துரு. வெள்ளி மத்தியானத்துக்கு மேல வா, காலையில ரெண்டு டிராக்டர் இருக்கு. நட்டு திருகுற ஸ்பேனர் வண்டியில இருக்கான்னு பாத்துட்டு வா.