வீனோகிராஃபி: வரைவா, படமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிரைகளை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை, எக்ஸ்கதிரில் படமெடுக்கும் சோதனைதான் வீனோகிராஃபி (venography). அதற்குத் தமிழில் ‘சிரைவரைவியல்’ என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டுவிட்ட நேரத்தில் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் முற்பாதியோடு எனக்குச் சண்டையில்லை, பிற்பாதியோடுதான்.

இதய மின்வரைபடத்தில் முள் தாளின்மேல் கோடு இழுக்கிறது. அங்கே ‘வரை’ பொருந்தும். வீனோகிராஃபியில் யாரும் எதையும் வரைவதில்லை. கணுக்காலில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, புறங்காலில் உள்ள சிறு சிரையில் எக்ஸ்கதிர்ப் படத்தில் தெரியக்கூடிய மருந்தைச் செலுத்துகிறார்கள். தோலடிச் சிரைகளின் வழியைப் பட்டை மறிப்பதால் மருந்து ஆழ்சிரைகளுக்குள் ஏறுகிறது. அது ஏற ஏற எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கிறார்கள். இரத்தம் உறைந்து கட்டியான இடத்தில் மருந்து புகாமல் வெற்றிடம் தெரியும். இது ஒரு சோதனை. இதற்கு ‘இயல்’ எதற்கு? கையில் கிடைப்பது ‘சிரைப்படம்’, செய்வது ‘சிரைப்படமெடுப்பு’. தட்டச்சு செய்பவர் ‘சிறைப்படம்’ ஆக்கிவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் ‘சிரை’க்குப் பதில் ‘நாளம்’ போதுமே என்கிறார். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம் என்ற இணை அழகாகவே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நாடி என்றால் நோயாளி மணிக்கட்டை நீட்டுவார். நாளம் என்றால் பள்ளியில் படித்த ‘நாளமில்லாச் சுரப்பி’தான் நினைவுக்கு வரும். ‘சிரை’ என்றால் நாவிதர் கத்தி நினைவுக்கு வருகிறது என்ற கேலியையும் படித்தேன். தமனி, சிரை என்று மனப்பாடம் செய்த தலைமுறைகள் அதை எப்போதோ செரித்துவிட்டன.

மக்கள் வழக்கு ‘நரம்பு’ என்பதை மறுக்கவில்லை. நரம்பு ஊசி, நரம்புச் சுருட்டு எல்லாமே சிரையைத்தான் குறிக்கின்றன. என் தாயாருக்குக் கால் வீங்கி இந்தச் சோதனைக்குப் போனபோது, “நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்போம்” என்றார்கள். “எனக்கு நரம்புத் தளர்ச்சியா?” என்பது அவர் கேட்ட முதல் கேள்வி. “சேலைக்குப் போடும் சாயமா?” என்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் இன்னும் எதிர்கொள்ளவில்லை. செலுத்தும் மருந்து தண்ணீர்போல் தெளிந்தது. எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. அதிலுள்ள அயோடின் கனமான தனிமம் என்பதால் கதிரைத் தடுக்கிறது, எலும்பைப் போலவே படத்தில் வெள்ளையாக விழுகிறது. 1896 ஜனவரியில் வியன்னாவில் ஹாஷெக், லிண்டென்டால் இருவரும் உயிரற்ற கையொன்றின் இரத்தக் குழாய்களைப் படமெடுத்தபோது செலுத்தியது சுண்ணமும் சாதிலிங்கமும் கலந்த குழம்பு. சாதிலிங்கம் சிவப்புதான், ஆனால் கதிருக்குச் சிவப்பு தெரியாது, அதிலுள்ள பாதரசத்தின் கனம்தான் தெரியும். ஆக, தொடக்கத்திலும் சாயத்துக்கு வேலையில்லை.

இந்த மருந்தை (contrast medium) ‘மாறுபாட்டு ஊடகம்’ என்றால் வாயில் நுழையாது. ‘கதிர்த்தடுப்பி’ என்றால் ஊழியர் அணியும் ஈய உடுப்போ என்று தோன்றும். என் முன்மொழிவு ‘நிழலூட்டி’. சுவையூட்டி, மணமூட்டி போல இயல்பாக வருகிறது. கதிரின் வழியில் நிழல் விழச் செய்வதுதான் அதன் வேலை. படிவத்தில் ‘நிழலூட்டி மருந்து’ என்று எழுதினால் ஒவ்வாமை உண்டா என்று கேட்பதும் எளிது.

மருந்தைக் கீழிருந்து ஏற்றும் முறைக்கு ‘ஏறுமுகச் சிரைப்படம்’ என்று எழுதிப் பார்த்தேன். பங்குச் சந்தைச் செய்திபோல் இருக்கிறது. அதற்கு மட்டும் யாராவது நல்ல அடைமொழி சொல்லுங்கள்.