அணில் ஏறாத தீனித்தட்டு: கம்பத்தை எங்கே நடுவது, தடுப்பை எப்படி மாட்டுவது?

கேள்வி:
கொல்லைப்புறத்தில் 4 அடி இரும்புக் கம்பத்தில் பறவைத் தீனித்தட்டு இருக்கிறது. வேலிக்கும் அதற்கும் 5 அடி இடைவெளி. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் அணில்கள் துடைத்துவிடுகின்றன. பிளாஸ்டிக் டப்பாவின் ஓட்டையைக் கடித்து இரண்டு மடங்காக்கிவிட்டன. கம்பத்தில் கிரீஸ் தடவலாமா? மிளகாய்த்தூள் கலந்தால் பறவைக்கு ஆகுமா?

பதில் 1:
முதலில் இடத்தை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பெரிய சாம்பல் அணில் நின்ற இடத்திலிருந்து 4 அடி உயரம் எம்பும். பக்கவாட்டில் 8 அடிக்கு மேலும் தாவும். 5 அடி தள்ளி இருக்கும் வேலி அதற்குப் படிக்கட்டு மாதிரி. வேலி, சுவர், கிளை, துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் 10 அடி தள்ளி நடுங்கள்.

அடுத்தது உருளைத் தடுப்பு. 24 அங்குல உயரம், 23 அங்குல அகலத் தகரத்தை 1 அங்குலம் மேல்மடிப்பு வைத்துச் சுருட்டினால் சுமார் 7 அங்குல விட்டமுள்ள குழாய் கிடைக்கும். மடிப்பில் ரிவெட் அடியுங்கள். மேல்வாயைக் கம்பி வலையால் மூடி, நடுவில் கம்பம் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்கள். கம்பத்தில் ஒரு கிளாம்ப் இறுக்கி, அதன்மேல் வலை உட்காரும்படி தொங்கவிடுங்கள். லேசாக ஆடினால் நல்லது, பிடிமானம் கிடைக்காது. உருளையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 5 அடியில் இருக்கட்டும். தட்டு அதற்கும் மேலே. ஆகவே உங்கள் 4 அடிக் கம்பம் போதாது. வெளியே ஆறரை அடி, மண்ணுக்குள் ஒன்றரை அடி என்று 8 அடி வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது மேல்வாயில்தான். அதைத் திறந்தே விட்டால் அணில் உருளைக்குள் புகுந்து கம்பத்தைப் பிடித்து ஏறி மேல்வழியாக வெளியே வந்துவிடும்.

பதில் 2:
கிரீஸ் வேண்டவே வேண்டாம். இறகில் ஒட்டினால் பறவையால் அதைச் சுத்தம் செய்ய முடியாது, நீர் ஒட்டாத தன்மையும் உடல் சூடும் போய்விடும். அலகால் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும். அணிலோ காலைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறும்.

மிளகாயின் காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைக்கு உறைக்காது. மிளகாய் விதையைக் காட்டில் பரப்புவதே பறவைகள்தானே. ஆனால் வெறும் தூளைத் தூவாதீர்கள்: விதையில் ஒட்டாமல் காற்றில் பறந்து பறவையின் கண்ணிலும் உங்கள் கண்ணிலும் விழும். காரம் எண்ணெயோடு ஏறிய விதையாக வாங்குங்கள், கையுறை போட்டு நிரப்புங்கள். பசி முற்றினால் அதையும் தின்னும் அணில் உண்டு என்பதால் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், நம்பி இருக்க முடியாது.

பதில் 3:
டப்பாவை மாற்றும்போது உலோகமாக வாங்குங்கள். அணிலின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும்; கடித்துத் தேய்ப்பது அதன் இயல்பு.

பாரம் பட்டால் மூடிக்கொள்ளும் தட்டு வாங்கும் எண்ணம் இருந்தால், எந்த அணில் வருகிறது என்று பாருங்கள். அரைக் கிலோ சாம்பல் அணிலுக்கு அது நன்றாக வேலை செய்யும். முதுகில் கோடு போட்ட சின்ன அணில் சுமார் 100 கிராம்தான்; ஒரு புறாவைவிட இலேசு. அதைத் தடுக்கும் அளவுக்கு ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் புறாவுக்கும் மூடிக்கொள்ளும். அதற்கு உருளைத் தடுப்புதான் சரி.

கேள்வி கேட்டவர்:
கம்பத்துக்குப் பதிலாகக் கிளையில் தொங்கவிட்டால்?

பதில் 1:
கம்பத்தைவிடக் கஷ்டம், மேலிருந்து இறங்கும். தட்டுக்கு மேல் குறைந்தது 18 அங்குல அகலக் கவிகை மூடி சாய்ந்து ஆடும்படி வேண்டும். அடிமரமும் பக்கத்துக் கிளைகளும் 10 அடிக்குள் இருந்தால் அதுவும் வீண், பக்கவாட்டில் தாவிவிடும்.

பதில் 3:
கீழே சிந்துவதையும் கூட்டுங்கள், அணிலை முதலில் இழுப்பது அந்த விதைதான். ஒருநாளில் தீரும் அளவு மட்டும் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 9 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து தட்டைக் கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்தபின் நிரப்புங்கள். ஈரத்தில் போட்டால் விதை பூசணம் பிடிக்கும்.