புதுப்பிப்பு: எஸ்.எஸ். சிக்னி இப்போது இறங்குமுகத்தில்

அன்னப்பறவை மண்டலத்தின் குறுநோவாவான (அவ்வப்போது திடீரெனப் பிரகாசித்து மங்கும் இரட்டை விண்மீன்) எஸ்.எஸ். சிக்னி, தன் வழக்கமான 12-ஆம் பொலிவெண்ணை (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) விட்டு மேலேறத் தொடங்கியதை முன்பு எழுதியிருந்தேன். வெடிப்பு எதுவரை போகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது எதிர்பார்த்தபடியே 8-ஐ நெருங்கி, சில இரவுகள் அங்கேயே நிலைத்து, இப்போது மங்கி வருகிறது.

ஏற்றம் ஓரிரு நாளில் முடிந்துவிட, இறக்கம் மட்டும் நிதானமாக நடப்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. துணை விண்மீனிலிருந்து வழியும் வாயு, வெண்குள்ளனைச் (எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்) சுற்றி வட்டாகத் தேங்குகிறது. அவ்வட்டின் வெப்பநிலை சுமார் 10,000 கெல்வினை நெருங்கி ஹைட்ரஜன் அயனியாகும்போது, வட்டின் பாகுத்தன்மை (உள் உராய்வு) திடீரென உயர்ந்து, தேங்கிய வாயு வேகமாக உள்நோக்கிப் பாய்வதால் வட்டு முழுவதும் ஒளிர்கிறது. பின்னர் வெளிவிளிம்பிலிருந்து குளிர்ச்சி உள்ளே பரவ, ஒளி படிப்படியாகக் குறைகிறது. வெண்குள்ளனுக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை.

புதிதாகப் பார்ப்போர் கவனிக்க: ஒப்பீட்டு விண்மீன்களின் (பொலிவெண் தெரிந்த அண்டை விண்மீன்கள்) வரைபடத்தில் 85 என்றிருந்தால் அது 8.5 பொலிவெண்; தசமப் புள்ளியை விண்மீனாக எண்ணிவிடக் கூடாதென்றே அதைத் தவிர்க்கிறார்கள். சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கிய ஒன்று என இரு ஒப்பீட்டு விண்மீன்களுக்கு இடையே வைத்து மதிப்பிடுங்கள்.

1896-இல் ஹார்வர்டின் ஒளிப்படத் தகடுகளில் லூயிசா வெல்ஸ் கண்டறிந்த இவ்விண்மீன், ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆனால் இடைவெளி சீரானதன்று. ஆகவே அது மங்கியிருக்கும் இரவுகளின் மதிப்பீடுகளையும் தவறாமல் பதிவுசெய்யுங்கள்.