ஸெனாகிஸின் கட்டடங்களில் போர்க்காயத்தைத் தேடலாமா?

கேள்வி

கிரேக்க இசையமைப்பாளரும் கட்டடக் கலைஞருமான யானிஸ் ஸெனாகிஸின் வாழ்க்கையை ஆழ்ந்து படித்து வருகிறேன். ஏதென்ஸ் பாலிடெக்னிக்கில் பொறியியல் பயின்றபடியே நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்தவர் அவர். 1944 டிசம்பரில் பிரிட்டிஷ் படைக்கும் இடதுசாரிப் போராளிகளுக்கும் ஏதென்ஸ் தெருக்களில் மூண்ட சண்டையின்போது டாங்கிக் குண்டு முகத்தைச் சிதைத்ததில் இடக்கண்ணை இழந்தார். பின்னர், 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக, நிமிர்ந்த சுவர் என்று ஒன்றுமே இல்லாத, பிலிப்ஸ் நிறுவனத்தின் அரங்கை வடிவமைத்தவரும் அவரே. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சரிவரப் புலப்படாததால்தான் அவர் வளைபரப்புகளை நாடினார் என்று கொள்வது பொருந்துமா?

மறுமொழி 1

பொருந்தாது என்பதே என் கருத்து. அந்த வடிவம் வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. 1954இல் அவர் எழுதி முடித்த 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற இசைப்படைப்பில், நமது ஜாருவைப்போல ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் தந்திக்கருவிகளின் ஒலியை வரைபடத்தாளில் நேர்கோடுகளாக இழுத்தார். ஒவ்வொரு கோடும் நேரானது. ஆனால் சாய்வு சிறிது சிறிதாக மாறும் பல கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் கண்ணுக்கு வளைவு தோன்றும். அரங்கின் சேணம் போன்ற பரப்புகளும் நேர்கோடுகளால் ஆனவையே. வளைந்திருந்தும் நேர்கோடுகளால் அளந்து குறிக்க இயல்வதாலும், இரு திசைகளில் எதிரெதிராக வளைவதால் மெல்லியதாக இருந்தும் உறுதி பெறுவதாலும், சுமார் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் பலகைகளைக் கொண்டே அதை எழுப்ப முடிந்தது. இது பொறியாளரின் கணக்கு. பார்வைக் குறையின் விளைவாக இதைச் சுருக்குவது அவருடைய உழைப்புக்கு நியாயம் செய்வதாகாது.

மறுமொழி 2

முதல் மறுமொழியை ஏற்கிறேன். ஆயினும் காயத்துக்கு இடமே இல்லை என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. காயத்துக்குப் பின் தாம் ஒரு கிணற்றுக்குள் இருந்து உலகை அறிவதுபோல் உணர்ந்ததாகவும், புலன்கள் தளர்ந்த அளவுக்குச் சிந்தனையை நம்ப வேண்டியதாயிற்று என்றும் அவரே பொருள்படச் சொல்லியிருக்கிறார். அதைவிட வலுவான சான்று ஒலியில் இருக்கிறது. ஒரே முழக்கத்தை ஒரே சீராக எழுப்பி வரும் கூட்டத்தின் மீது துப்பாக்கிகள் வெடித்ததும், அந்த ஒழுங்கு சிதறி எண்ணற்ற கூச்சல்களாகக் கலைவதை அவர் விவரிக்கிறார். தனித்தனி ஓசைகளை விட்டுவிட்டு, அவற்றின் திரளை நிகழ்தகவு விதிகளால் ஆள முடியும் என்ற அவருடைய இசைக்கொள்கை அந்தத் தெருக்களையும் நினைவில் கொண்டே பிறந்தது. ஆகவே போர் அவர் கண்ணில் விட்ட தடத்தைவிடக் காதில் விட்ட தடத்தையே முதலில் தேடுங்கள்.

மறுமொழி 3

நாடுகடந்த வாழ்வையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். 1947இல் போலிக் கடவுச்சீட்டுடன் கிரேக்கத்தை விட்டு வெளியேறி இத்தாலி வழியாகப் பாரிஸ் சேர்ந்தார். அவர் இல்லாமலேயே கிரேக்கத்தில் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. கையில் ஆவணமும் இல்லாத அகதியாக, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியரின் அலுவலகத்தில் கணக்கிடும் பொறியாளராகச் சேர்ந்தவர், படிப்படியாக வடிவமைக்கும் பொறுப்பைப் பெற்றார். லியோனுக்கு அருகிலுள்ள லா தூரெத் மடாலயத்தில் செங்குத்துக் கான்கிரீட் தண்டுகளின் இடைவெளி நெருங்கியும் விலகியும் மாறிச்செல்லும் கண்ணாடிச் சுவர்களை அவரே வகுத்தார். சண்டிகரின் கட்டடங்களிலும் அவர் பங்காற்றினார். அந்த அலுவலகத்தின் பணியாக எழுந்த பிலிப்ஸ் அரங்கின் படைப்புரிமைக்கோ அவர் போராட வேண்டியிருந்தது. இறுதியில் லெ கார்பூசியர், ஸெனாகிஸ் இருவர் பெயரும் இடம்பெற்றன. 1959இல் அந்த அலுவலகத்திலிருந்து விலக்கப்பட்டார். கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி வீழ்ந்த 1974இல்தான் தாய்நாட்டில் மீண்டும் கால்வைக்க முடிந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆழம் புலப்படாமையைப் பற்றிய என் ஊகத்தைக் கைவிடுகிறேன். லா தூரெத்தின் கண்ணாடிச் சுவரை வரைபடத்தில் அளந்து, அந்த இடைவெளிகளைத் தாளமாக வாசித்துப் பார்ப்பதிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.