அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டின் 'அஸ்டோரியா' ஆல்பம் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி:
பி.பி. ஸ்ரீனிவாஸ், ஏ.எம். ராஜா குரல்களிலேயே ஊறியவன் நான். மைக்குக்கு நெருக்கமாக நின்று காதோடு பேசுகிற மாதிரி பாடுபவர் யாராக இருந்தாலும், எந்த மொழியாக இருந்தாலும் தேடிப்பிடித்துக் கேட்டுவிடுவேன். டோனி பென்னட்டை லேடி காகாவோடு பாடியதில்தான் முதலில் கேட்டேன். 1990ல் தான் பிறந்த ஊரின் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. அறுபதைத் தாண்டிப் பாடியது என்பதால் சின்னத் தயக்கம். குரல் எப்படி இருக்கிறது?

பதில் 1:
தாராளமாகக் கேளுங்கள். அவர் எங்கிருந்து மீண்டு வந்தார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் ஒட்டும். அஸ்டோரியா நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த மளிகைக்கடைக்காரரின் மகன், பிறந்தது 1926ல். பத்து வயதில் அப்பா இறந்துவிட, அம்மா துணி தைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார். எழுபதுகளில் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியை விட்டு வெளியே வந்தவர், அப்புறம் போதை, வரி பாக்கி என்று ஒரேயடியாகச் சரிந்துபோனார். மகன் டேனி மேனேஜராக வந்து தூக்கி நிறுத்த, 1986ல் பழைய கம்பெனிக்கே திரும்பினார். எம்டிவி டிவிக்காகப் பாடிய 'அன்பிளக்ட்' ஆல்பம், அதற்குக் கிடைத்த கிராமி விருது எல்லாம் 'அஸ்டோரியா'வுக்குப் பிறகு வந்தவை.

பதில் 2:
குரலைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். 'பொலிவார்ட் ஆஃப் புரோக்கன் ட்ரீம்ஸ்' பாட்டை 1950ல் பாடியிருக்கிறார், இந்த ஆல்பத்தில் மறுபடி பாடியிருக்கிறார். இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். இளவயதில் உச்சத்துக்கு முழு மூச்சோடு பாய்கிறார். நாற்பது வருஷம் கழித்து அதே இடத்தில் அவசரமே இல்லை, குரலில் லேசாக ஒரு கரகரப்பு, சொல்லைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் விட்டு நிதானமாக வைக்கிறார். ரால்ஃப் ஷாரனின் பியானோ அதற்கு இடம் விட்டே நகர்கிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

பதில் 3:
பாட்டுக்குப் பாட்டு ஊர்ப்பெயர், தெருப்பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதிக்கு மேல் யார் வேண்டுமானாலும் பாடக்கூடிய பழைய காதல் பாட்டுகள்தான், ஊர் வாசனை தேர்விலும் பாடும் விதத்திலும்தான் இருக்கிறது. எனக்கு அது குறையாகவே பட்டது. ஆனால் மனுஷனின் ஊர்ப்பாசத்தில் பொய் இல்லை. 1936ல் நியூயார்க்கின் டிரைபரோ பாலத் திறப்பு விழாவில், பத்து வயதுகூட நிரம்பாத பையனாக மேயர் பக்கத்தில் நின்று பாடியவர் அவர். 2001ல் குவீன்ஸில் கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார், இப்போது அது அஸ்டோரியாவிலேயே நடக்கிறது. அதற்குத் தன் பெயரை வைக்காமல் இன்னொரு பாடகரான ஃபிராங்க் சினாட்ராவின் பெயரை வைத்தாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அந்த இரண்டு பதிவுகளையும் கேட்டேன். 1950 பாட்டை ஒரு தடவைதான் போட்டேன், இன்னொன்றை நாலு தடவை. இன்றைக்கு முழு ஆல்பமும்.