ஒற்றைச் செருப்போடு பார்த்த ஃபைனல்

விளையாட்டுக்கும் எனக்கும் ஒட்டாது. ஸ்கோர் கேட்டால் விழிப்பேன். அப்படிப்பட்டவன் 2022 உலகக்கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியைப் பார்க்கப் போனது, போகாவிட்டால் நண்பர்களிடம் வருஷம் முழுக்கப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்பதால்தான். போன், சார்ஜர், பாதி படித்த புத்தகம் சகிதம் போய், சோபாவில் பிளக் பாயிண்ட் பக்கமாக இடம் பிடித்துக்கொண்டேன்.

அர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஆடுகின்றன, அறையில் எல்லாரும் அர்ஜென்டினா கட்சி. அதுவரை தெரியும். 23வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி பெனால்டியில் ஒன்று போட்டார். 36வது நிமிடத்தில் டி மரியா இரண்டாவது. அந்த இரண்டாவது கோல் எனக்கே பிடித்திருந்தது. பந்து யார் காலிலும் ஒரு நொடிக்கு மேல் நிற்காமல் மைதானத்தைக் கடந்து போய் வலைக்குள் விழுந்தது. போட்டுவிட்டு டி மரியா அழுதார். "கோல் போட்டவர் எதுக்குடா அழறார்?" என்று கேட்டேன். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. புத்தகத்தைத் திறந்தேன்.

இடைவேளைக்கு முன்பே பிரான்ஸ் பயிற்சியாளர் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்துவிட்டார். சரி, ஆட்டம் அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டினேன். எழுபத்தொன்பதாவது நிமிடமும் 2-0 தான். இப்போதே கிளம்பினால் நிம்மதியாகத் தூங்கலாம். சத்தமில்லாமல் எழுந்து வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினேன்.

உள்ளே "ஐயோ!" என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தால் பிரான்ஸின் எம்பாப்பே பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார். பெனால்டியாம். சரி, ஒன்றுதானே என்று இன்னொரு செருப்பைக் காலாலேயே தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்ததும் விழுந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே 97 வினாடிதான் என்று மறுநாள் படித்தேன்.

நான்கு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நீ எந்திரிச்சதாலதான்டா!"

"சரி சரி, வந்து உக்காரச் சொல்லு."

"வேணாம், இப்ப அசைஞ்சா இன்னும் மோசமாயிடும். அங்கயே நில்லு."

எல்லாரும் படித்தவர்கள், பொறுப்பான வேலையில் இருப்பவர்கள். இவர்கள் தீர்ப்பின்படி நான் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் தரையின் குளிருமாக நிலைப்படியில் நின்றேன். கூடுதல் நேரம் என்று ஒன்று இருப்பதும், அது முப்பது நிமிடம் என்பதும் அங்கே நின்றபோதுதான் தெரியவந்தது.

108வது நிமிடத்தில் மெஸ்ஸி இன்னொன்று போட்டார். பிரான்ஸ் தடுப்பாட்டக்காரர் பந்தை உதைத்து வெளியே தள்ளிவிட்டார்தான், ஆனால் அதற்குள் அது கோட்டைத் தாண்டியிருந்தது. "பாத்தியா, நின்னா வேலை செய்யுது!" என்றான் ஒருவன். எனக்கும் லேசாகப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பெனால்டி பெட்டிக்குள் அர்ஜென்டினாவின் மோன்டியெல் என்பவரின் முழங்கையில் பந்து பட்டது. மறுபடி பெனால்டி. எம்பாப்பே மூன்றாவதையும் போட்டார். 3-3.

அப்புறம் நான் பந்தைப் பார்க்கவே இல்லை. மோன்டியெலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இத்தனை கோடிப் பேர் பார்க்கும்போது அந்தக் கையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? விளையாட்டு தெரியாத எனக்கு, தப்பு செய்துவிட்டு நடுவில் நிற்பது நன்றாகத் தெரியும்.

கடைசிக் கணத்தில் பிரான்ஸின் கோலோ முவானி தனியாக உள்ளே புகுந்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தார். அறையில் ஒரு அலறல். எல்லாரும் மறுபடி என்னையே பார்த்தபோதுதான் அது என் குரல் என்று புரிந்தது.

பெனால்டி ஷூட் அவுட். சமநிலையை முறிக்க இரண்டு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிப்பதாம். முதலில் எம்பாப்பே, அடுத்து மெஸ்ஸி, இருவரும் போட்டார்கள். பிரான்ஸின் கோமான் அடித்ததை மார்ட்டினெஸ் தடுத்தார், அவர்களின் சுவாமெனி வெளியே அடித்தார். அர்ஜென்டினா ஒன்றைக்கூட விடவில்லை. அவர்களின் நாலாவது உதைக்கு நடந்து வந்தவரைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோன்டியெல். "இவரையா அனுப்புறாங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் பந்து வலையில் இருந்தது, கோப்பை அர்ஜென்டினாவுக்கு. ஜெர்சியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். இந்த முறை ஏன் அழுகிறார் என்று நான் கேட்கவில்லை.

2024 கோபா அமெரிக்கா, அதாவது தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பை, இறுதிப் போட்டிக்கு முன்னால் அந்த நண்பர்களில் ஒருவனிடமிருந்து போன் வந்தது. வருகிறாயா என்றெல்லாம் கேட்கவில்லை. "அதே செருப்பைப் போட்டுட்டு வா, உக்கார இடமில்ல" என்றான். அதுவும் கூடுதல் நேரம் வரை இழுத்தது. 112வது நிமிடத்தில் லௌட்டாரோ மார்ட்டினெஸ் (கோல்கீப்பர் இல்லை, இவர் வேறு) போட்ட ஒரே கோலில் அர்ஜென்டினா ஜெயித்தது. பழைய செருப்பு அறுந்துபோய் அப்போதே பல மாதம் ஆகியிருந்தது. அதை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.